கணக்கப்பிள்ளை புத்தி

(இராயபுரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்போர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னைப் பேச அழைத்த தம்பி, "ரீசனிங் பத்திக் கொஞ்சம் மோட்டிவேஷனா பேசுங்க சார்" என்றார். மோட்டிவேஷன் எனக்கு வராது. அது உங்களுக்குத் தேவையும் இல்லை. விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்தை முடித்துக்கொண்டு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எண்ணூரில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்தவர்களும் இருக்கிறீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களும் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்த மண்ணுக்கும் ரயில்வேக்கும் உள்ள உறவு பழையது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த இராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக இங்கே வீட்டுக்கு ஒருவர் ரயில்வேயில் இருப்பார், துறைமுகத்தில் இருப்பார், இல்லையென்றால் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனியில் இருப்பார். அப்பா ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் பிள்ளைக்கு வேலை கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அது மலையேறிவிட்டது. இப்போது கம்ப்யூட்டர் முன்னால் 90 நிமிடம். 2019இல் அறிவிப்பு வந்த ரயில்வே என்.டி.பி.சி. தேர்வில் 35,000 சொச்சம் இடங்களுக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறக்குறைய 1.25 கோடி. ஓர் இடத்துக்குச் சுமார் 350 பேர்.

அந்த 90 நிமிடத் தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகளில் 30 ரீசனிங். எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் 100க்கு 25. வங்கி ஆபீசர் வேலைக்கான ஐ.பி.பி.எஸ். ப்ரிலிம்ஸில் 35 கேள்விகள், அதற்கென்று தனியாக 20 நிமிடம். அது முடிந்தால் திரை தானாக அடுத்த பகுதிக்குப் போய்விடும். நம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் திறனறிவும் மனக்கணக்கும் சேர்த்து 25. எம்.பி.ஏ. படிக்க ஆசைப்பட்டு கேட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இதே சரக்கு இன்னும் கெட்டியாக, 40 நிமிடத்துக்கு.

"ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிறவனுக்கு, வட்ட மேசையில எட்டுப் பேர் எப்படி உட்கார்ந்தா இன்னா சார்?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில்: ஒன்றுமில்லை. ஒன்றே கால் கோடிப் பேரை வடிகட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு இது ஒரு சல்லடை. இந்தச் சல்லடையில் நின்றவர் அறிவாளி, விழுந்தவர் முட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் சல்லடையின் கண் எந்த அளவு என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. அதைத்தான் இன்று பேசப்போகிறேன். இந்த ரீசனிங் பகுதிக்கு வேண்டியது அபார மூளை என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியது கணக்கப்பிள்ளை புத்தி என்பது என் கட்சி.

துறைமுகத்தில் டாலி கிளார்க் என்று ஒரு வேலை உண்டு. என் பெரியப்பா அந்த வேலை பார்த்தவர். கன்டெய்னர்கள் பெருகுவதற்கு முந்தைய காலம். மூட்டையாகவும் பெட்டியாகவும் சரக்கு இறங்கும். ஸ்லிங் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கப்பல்காரர்கள் பக்கத்திலும் ஓர் ஆள் அதே சரக்கைத் தனியாக எண்ணுவார். ஷிப்ட் முடியும்போது இருவர் தாளும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் யார் கெட்டிக்காரர் என்று பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்ப்பார்கள். பெரியப்பாவுக்கு மனக்கணக்கு பிரமாதமாக வரும். ஆனாலும் வேலையில் ஒரு மூட்டையைக்கூட மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். இறங்கியதா, கோடு. அவ்வளவுதான்.

அதே துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 1912 மார்ச் 1 அன்று ஒரு கிளார்க் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். வயது 24. அதற்கு முன்னால் கும்பகோணத்தில் கல்லூரி உதவித்தொகையை இழந்து, பிறகு பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து — அப்போது அந்தக் கல்லூரி இங்கே பாரிமுனைப் பக்கம்தான் இருந்தது — எஃப்.ஏ. தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர். பெயர் சொல்ல வேண்டியதில்லை, இராமானுஜன்தான். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கணக்குப் பிரிவை நடத்திய நாராயண ஐயர் இருவரும் இவர் யார் என்று புரிந்துகொண்டார்கள். 1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், நான் துறைமுகக் கணக்குப் பிரிவில் கிளார்க், ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு என்றுதான் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்த மனிதருக்கு அருங்காட்சியகம் எங்கே இருக்கிறது தெரியுமா? இதே இராயபுரத்தில், அவ்வை கலைக் கழகத்தில். முத்தியாலுபேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன் 1993இல் அமைத்தது. இராமானுஜனோடு பழகியவர்களைத் தேடித் தேடி, கடிதங்களையும் நினைவுகளையும் வாங்கி, 1968இல் தொகுப்பாக வெளியிட்டவர் அவர். கேளிக்கைக்கு மால் வரைக்கும் போகிறோம், இதை ஒரு முறை எட்டிப் பார்க்கலாம்.

இராமானுஜனைப் பற்றி நான் சொல்ல வந்தது வேறு. அவரும் ஒரு பசில் போட்டிருக்கிறார், அந்தக் கதை உங்கள் தேர்வுக்கு ரொம்பப் பொருந்தும்.

1914 டிசம்பர். இராமானுஜன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். இங்கிலாந்தில் ஸ்ட்ராண்ட் என்ற பத்திரிகையில் டூட்னி என்பவர் ஒரு புதிர் போட்டிருந்தார். ஒரு தெரு, வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் உள்ள வீட்டு எண்களின் கூட்டுத்தொகையும், மறு பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மஹலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். போட்டுப் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிட்டு, அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனுக்குப் புதிரை வாசித்துக் காட்டினார். இராமானுஜன் கிளறியபடியே, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் ஒரு விடை இல்லை, எல்லா விடையும் இருந்தது. 8 வீட்டுத் தெருவில் 6ஆவது வீடு: இந்தப் பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை 15, அந்தப் பக்கம் ஏழும் எட்டும் 15. 49 வீட்டுத் தெருவில் 35. 288 வீட்டுத் தெருவில் 204. பத்திரிகை கேட்டது இதைத்தான். அடுத்து 1,681 வீட்டுத் தெருவில் 1,189. இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்.

இந்த இருவரையும் ஐ.பி.பி.எஸ். தேர்வில் உட்காரவைத்தால் யாருக்கு மார்க்? இருவருக்கும் ஒரே மார்க். 204 என்ற கட்டத்தைத் தொட்டால் போதும். முடிவில்லாத விடைத் தொடருக்கு அரை மார்க்கும் கூடுதல் கிடையாது. போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்த மஹலனோபிஸின் முறையும் தேர்வுக்கு முழுசாகச் செல்லுபடியாகும். ஆகவே, "எனக்கு டக்னு ஸ்ட்ரைக் ஆக மாட்டேங்குது சார்" என்று கவலைப்படுகிறவர்கள் அந்தக் கவலையை விட்டுவிடலாம். ஸ்ட்ரைக் ஆக வேண்டிய அவசியமே இல்லை.

எப்படி என்று பலகையில் போட்டுக் காட்டுகிறேன். துறைமுகத்து ஜீரோ கேட்டில் டிரெய்லர்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. ஆறு டிரெய்லர், ஒரே வரிசை. கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது 1ஆம் இடம், கடைசி 6. ஓட்டுநர்கள் அன்பு, பாபு, சேகர், தாஸ், ஏழுமலை, ஃபாரூக். சேகருக்கும் தாஸுக்கும் நடுவே சரியாக இரண்டு வண்டி. தாஸுக்கு அடுத்த பின் வண்டி பாபு. ஏழுமலை, சேகருக்கு முன்னால் எங்கோ நிற்கிறார். ஃபாரூக் வரிசையின் இரண்டு முனையிலும் இல்லை. ஃபாரூக்குக்கு அடுத்த பின் வண்டி அன்பு. முதல் வண்டி தாஸுடையது அல்ல.

இதை வாசித்ததும் பாதிப் பேர் செய்வது என்ன? கண்ணை மூடிக்கொண்டு மனத்துக்குள் ஆறு வண்டியை நிறுத்திப் பார்ப்பது. மீதிப் பேர் தாளில் ஆறு கோடு போட்டு, சேகரை 1இல் வைத்து, தாஸை 4இல் வைத்து ஆரம்பித்துவிடுவார்கள். 1 என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, கை அங்கே போய்விட்டது.

கணக்கப்பிள்ளை என்ன செய்வார்? சேகர், தாஸ் இடையே இரண்டு வண்டி என்றால் எத்தனை விதம் என்று முதலில் எண்ணுவார். ஒன்றும் நாலும், இரண்டும் ஐந்தும், மூன்றும் ஆறும். இதில் யார் முன், யார் பின் என்பது தெரியாது, ஆக ஆறு விதம். தாஸுக்குப் பின்னால் பாபு நிற்க வேண்டும். தாஸ் 6இல் இருந்தால் பாபுவுக்கு இடமில்லை. ஐந்து விதம் ஆயிற்று. ஐந்து வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் சேகர், தாஸ், பாபு மூவரையும் உட்காரவைத்துவிடுங்கள். சேகர் 1இல் இருக்கும் வரியை ஏழுமலை அடித்துவிடுவார், அவர் சேகருக்கு முன்னால் நிற்க வேண்டியவர். நாலு வரி மிச்சம்.

இப்போது ஃபாரூக், அன்பு ஜோடி. இவர்களுக்கு ஒட்டி ஒட்டி இரண்டு காலி இடம் வேண்டும். சேகர் 5, தாஸ் 2, பாபு 3 என்ற வரியில் காலி இடங்கள் 1, 4, 6. ஒட்டிய ஜோடியே இல்லை, அடியுங்கள். சேகர் 6, தாஸ் 3, பாபு 4 என்ற வரியில் காலி 1, 2, 5. ஜோடி 1, 2தான், ஆனால் அப்போது ஃபாரூக் முனைக்குப் போய்விடுகிறார், அதையும் அடியுங்கள். இரண்டு வரி தப்பிக்கிறது. ஒன்று: ஏழுமலை, சேகர், ஃபாரூக், அன்பு, தாஸ், பாபு. இன்னொன்று: தாஸ், பாபு, ஏழுமலை, சேகர், ஃபாரூக், அன்பு.

இந்த இடத்தில்தான் விபத்து நடக்கும். இரண்டாவது வரியை முதலில் கண்டுபிடித்த ஒருவர், ஐந்து குறிப்பும் பொருந்துகிறதே என்று சந்தோஷமாக விடையைத் தட்டிவிடுவார். ஆறாவது குறிப்பு, முதல் வண்டி தாஸுடையது அல்ல என்ற அந்தச் சின்ன வாக்கியம், பெயருக்கு வந்ததுபோல் கடைசியில் கிடக்கும். அதுதான் வழக்கை முடித்துவைக்கிறது. விடை முதல் வரி.

இதில் எந்த இடத்திலாவது மின்னல் வெட்டியதா? ஐந்து கோடு, நாலு அடித்தல். எந்தக் குறிப்பில் ஆரம்பிப்பது என்பது மட்டும்தான் கொஞ்சம் யோசனை கேட்கிற விஷயம். ஆட்களை ஒருவரோடொருவர் இறுக்கிக் கட்டும் குறிப்பில் ஆரம்பியுங்கள். இடைவெளி, பக்கத்தில், நேர் எதிரே, இந்த மாதிரி. "எங்கோ முன்னால்" என்பது தளர்வானது, அது வரியை அடிக்க உதவும், வரியை எழுத உதவாது. அல்ல, இல்லை என்று வருபவை நீதிபதிகள். கடைசியில் கூப்பிட்டால் போதும், ஆனால் கூப்பிட மறக்கக் கூடாது. படித்த குறிப்புக்கு ஒரு டிக், முழுசாகப் பயன்படுத்தியதற்கு இரண்டு டிக். ஒரு டிக்கோடு நிற்கும் குறிப்பு ஒன்று இருக்கும் வரை விடையைத் தொடாதீர்கள். பெரியப்பாவின் குறுக்குக் கோடு இதுதான்.

இராமானுஜன் பெரும்பாலும் சிலேட்டில்தான் கணக்குப் போட்டார். தாள் விலை கட்டுப்படியாகவில்லை. போட்டதை முழங்கையால் அழித்து, வந்த முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார். விளைவு? அந்த நோட்டுகளில் இருப்பவற்றுக்கு நிரூபணம் எழுதி, புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் ஐந்து பாகங்களாகப் பதிப்பிக்க வேண்டியிருந்தது. 1985இல் முதல் பாகம் வந்தது, 1998இல் ஐந்தாவது. இராமானுஜனுக்கு அழிக்கும் உரிமை உண்டு. நமக்கு இல்லை. ரஃப் ஷீட்டில் அடித்த வரியைக் கிறுக்கி மறைக்காதீர்கள், ஒரு கோடு இழுத்து விடுங்கள், கீழே இருப்பது தெரியட்டும். ஆறாவது குறிப்பில் முட்டிக்கொண்டால் எந்த வரியைத் தவறாக அடித்தோம் என்று திரும்பிப் பார்க்க அது ஒன்றுதான் வழி. கிறுக்கிவிட்டவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதற்குள் நாலு நிமிடம் போயிருக்கும்.

அடுத்து சிலாஜிசம். எல்லா வஞ்சிரமும் வண்டி, எல்லா வண்டியும் வானம், ஆகவே எல்லா வஞ்சிரமும் வானம், சரியா தவறா? இதைக் கேட்டதும் சிரிக்கிறீர்கள். காசிமேட்டில் பிறந்தவருக்கு வஞ்சிரம் வண்டி என்று ஒப்புக்கொள்ள வாய் வராது. ஆனால் விடை சரி என்பதுதான். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால் முடிவு வந்தே தீரும்.

ருஷ்ய உளவியலாளர் லூரியா 1931, 32இல் உஸ்பெகிஸ்தானுக்குப் போய், எழுதப் படிக்காத விவசாயிகளிடம் இப்படிக் கேள்வி கேட்டார். தூர வடக்கில், பனி கிடக்கும் இடத்தில், கரடியெல்லாம் வெள்ளை. நோவயா ஜெம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பலர் பதில் சொல்ல மறுத்தார்கள். நான் அங்கே போனதில்லை, போனவரைக் கேளுங்கள், பார்க்காததைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்ற பொருளில் சொன்னார்கள். இதை வைத்து அவர்களுக்குத் தர்க்கம் வராது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. பார்க்காததைச் சாட்சி சொல்ல மாட்டேன் என்பது நேர்மையான மனிதரின் பேச்சு; ஏலக் கூடத்தில் நிற்கும் நம் ஆட்களும் அதைத்தான் சொல்வார்கள். தேர்வு நடத்துகிறவர் கேட்பது வேறு ஓர் ஒப்பந்தம்: இந்த மூன்று வரிக்கு வெளியே உனக்குத் தெரிந்த எதையும் உள்ளே கொண்டுவராதே. இந்த ஒப்பந்தம் புரியாதவருக்குத்தான் சிலாஜிசம் கஷ்டம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பெரும்பகுதி, எந்த அனுமானம் செல்லும், எது செல்லாது என்ற விவகாரம்தான். நமக்கு இது புதுச் சரக்கு இல்லை.

கோடிங் டீகோடிங்கையும் தெருவிலேயே பார்க்கலாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் நூற்றுக்கணக்கில் கன்டெய்னர் போகும். ஒவ்வொன்றின் கதவிலும் நாலு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், அதன் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் எங்கிருந்து வந்தது? நீங்கள் தேர்வுக்கு ஏ ஒன்று, பி இரண்டு என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். கன்டெய்னரில் ஏ பத்தில் ஆரம்பிக்கும், பி பன்னிரண்டு. 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிடுவார்கள். முதல் எழுத்தை 1ஆல் பெருக்கு, அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போ, பத்தாவதை 512ஆல் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் வகுத்தால் மிச்சம்தான் கட்டத்துக்குள் இருக்கும் இலக்கம்.

பாடநூல்களில் வழக்கமாக வரும் உதாரணம்: சி, எஸ், க்யூ, யூ, பிறகு 305438. சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. பெருக்கிக் கூட்டினால் 6,185 வரும். 11ஆல் வகுத்தால் மிச்சம் 3. கதவில் 3 என்று இருந்தால் சரி. எழுதுகிறவர் கை தவறி 54ஐ 45 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை மாறி மிச்சம் ஒத்துப்போகாது. கம்ப்யூட்டர் அப்போதே எண்ணைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் 10 வந்தால் 0 என்று போட்டுவிடுவார்கள், அங்கே கொஞ்சம் ஓட்டை உண்டு, அதனால் அப்படி வரும் எண்களைத் தவிர்ப்பது நல்லது என்று விதியிலேயே இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது எதிரே போகும் பெட்டியைப் பிடித்துப் போட்டுப் பாருங்கள். காசில்லாத மாக் டெஸ்ட், விடை பக்கத்திலேயே பெயின்ட் அடித்திருக்கும்.

இனி எல்லோரும் காத்திருக்கும் கேள்வி. "தெரியாததை அடிச்சு விடலாமா சார்?" இதற்கும் கணக்கு இருக்கிறது, பயமும் தைரியமும் வேண்டாம். ரயில்வேயில் நாலு விடை, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கண்ணை மூடி 12 கேள்வி அடித்தால் சராசரியாக 3 சரி, 9 தவறு. மூன்று வரவு, மூன்று கழிவு, கையில் பூஜ்யம். வங்கித் தேர்வில் ஐந்து விடை, கழிவு கால் பங்கு. 20 அடித்தால் 4 சரி, 16 தவறு, மறுபடி பூஜ்யம். கழிவை இந்த அளவில் வைத்தால் குருட்டடிக்குப் பலனும் இல்லை, நட்டமும் இல்லை. எஸ்.எஸ்.சி.யில் ஒரு கேள்விக்கு 2 மார்க், கழிவு அரை மார்க். 8 குருட்டடியில் நாலு வந்து மூன்று போகும், ஒரு மார்க் மிச்சம் இருக்கும். குரூப் 4இல் தவறான விடைக்குக் கழிவே இல்லை. அதனால் இந்தத் தேர்வுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே அறிவுரை சொல்கிறவரை நம்பாதீர்கள். நாலில் ஒரு விடையை நிச்சயமாக நீக்க முடிந்தால் ரயில்வேயிலும் அடிக்கலாம். மிச்சம் உள்ள மூன்றில் ஒன்றை எடுத்து 9 கேள்வி அடித்தால், மூன்று வந்து இரண்டு போகும்.

ஆனால் இது தனிக் கேள்விக்கு. பசில் செட் ஒன்றில் ஐந்து கேள்வி தொங்கும். வரிசையைத் தவறாகப் போட்டால் ஐந்திலும் அடி விழும், ஐந்துக்கும் கழிவு, அதோடு போட்ட நிமிடங்களும் போச்சு. அதனால்தான் பாதி முடிந்த பசிலில் அனுமானத்தில் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். முடிந்த வரிக்குள் கிடைக்கும் ஒன்றிரண்டு விடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

20 நிமிடத்தில் 35 என்றால் ஒன்றுக்கு 34 நொடி. இந்த வேகத்தில் எல்லாவற்றையும் போட முடியாது, போடச் சொல்லவும் இல்லை. அசமன்பாடு, சிலாஜிசம், எழுத்து வரிசை, திசை, இவற்றை முதல் ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, பிறகு பசில்களை வாசியுங்கள். வாசிப்பது வேறு, போடுவது வேறு. ஒவ்வொரு பசிலுக்கும் அரை நிமிடம் கொடுத்து, இறுக்கமான குறிப்பு எத்தனை என்று மட்டும் பாருங்கள். இறுக்கமானது அதிகம் உள்ளதை முதலில் எடுங்கள். பெயர், ஊர், நிறம், மாதம் என்று நாலு விவரம் கலந்து வரும் ராட்சசனைத் தொடாமல் விட்டுவிட்டு வந்து கட்-ஆஃபைத் தாண்டியவர்கள் நிறையப் பேர்.

ஷார்ட்கட் வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலண்டர், கடிகாரம், அசமன்பாடு இவற்றுக்கு அவை உதவும். "மூணே செகண்ட்ல சீட்டிங் அரேஞ்ச்மென்ட்" என்று தலைப்பு வைத்திருந்தால், அந்தப் புதிரை அந்தத் தந்திரத்துக்குத் தக்கபடி அவரே தைத்திருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அதைவிடப் பழைய வினாத்தாள் மேல். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் மாநில அரசு நடத்தும் இலவசப் பயிற்சி மையம் இருக்கிறது, டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அங்கே சொல்லித் தருகிறார்கள். இடம் கிடைக்காதவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்காருங்கள். ஆனால் பசிலைச் சேர்ந்து போடாதீர்கள். அப்படிப் போட்டால் வேகமானவர் மட்டும் போடுவார், மற்றவர்கள் ஆமாம் சொல்வார்கள். தனித்தனியாகப் போட்டு, முடிந்ததும் தாளை மாற்றிக்கொண்டு அடுத்தவர் எந்த வரியை எங்கே அடித்தார் என்று பாருங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக எண்ணிய டாலி கிளார்க்குகள் அப்படித்தான் ஒப்பிட்டார்கள்.

மாக் டெஸ்ட் எழுதியதும் மார்க்கைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறீர்கள். எழுதிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு அதைத் திரும்பிப் பார்க்கச் செலவிட வேண்டும். தவறு எப்படி வந்தது என்று பக்கத்திலேயே குறியுங்கள்: குறிப்பைத் தவறாக வாசித்ததா, ஒரு விதத்தை எண்ண விட்டதா, கடைசிக் குறிப்பைக் கூப்பிட மறந்ததா, நேரமா. சில வாரத்தில் எந்தக் குறி அதிகம் விழுகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது முதலாவதாகத்தான் இருக்கும். வாசிப்பதில்தான் கோளாறு, யோசிப்பதில் இல்லை. இடது, வலது குழம்புகிறவர்கள், உட்கார்ந்திருப்பவர் மையத்தைப் பார்க்கிறாரா வெளியே பார்க்கிறாரா என்று தாளில் அம்புக்குறி போடாதவர்கள்தான்.

நேரம் ஆகிவிட்டது, மூன்று மணிக்குள் போக வேண்டியவர்கள் கிளம்பலாம். மற்றவர்கள் ரஃப் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு மாடி, ஏழு பேர், எட்டுக் குறிப்பு, பலகையில் எழுதுகிறேன். ஆறு நிமிடம். முதல் நிமிடம் யாரும் பேனாவைத் தொடக் கூடாது, வாசிக்க மட்டும்தான்.